நாலாவது நட்டு

உறவை முதலில் கெடுத்தவன் ஆவுடையப்பன்தான். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் கொம்பையாவுக்கு அதில் ஒரு நாள்கூடச் சந்தேகம் வந்ததில்லை. கதவைப் பூட்டினோமா என்று வரும், காலையில் மாத்திரை போட்டோமா என்று வரும், அந்த நாலாவது நட்டைப் பற்றி வரும். யார் முதலில் கெடுத்தது என்பதில் மட்டும் வராது. வாய்க்கு அவர் மச்சான், பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன், ஆறு வயசு மூப்பு. மனசுக்கு அவன். அந்த அவன் இப்போது ஒரு வெள்ளைக் காரின் முன்சீட்டில், கண்ணாடியை இறக்கிவிட்டு, மடியில் ஒரு துணிப்பையைக் கட்டிப் பிடித்தபடி, இறங்காமல் உட்கார்ந்திருந்தான். கோவில்பட்டி பைபாஸில் எத்தனையோ கடை இருக்க, இந்தத் தகரக் கொட்டகை வாசலுக்கு வந்துதானா வண்டி நிற்க வேண்டும். ஓட்டி வந்தவன் இறங்கினான். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, கழுத்தில் சந்தனம். பெண்டாட்டி உலகம்மாளின் மூக்கு அவன் முகத்தில் இருந்தது. ஆவுடையப்பன் மகன் மகராசன், கடைசியாகப் பார்த்தபோது ஒன்பது வயசு, ஓட்டைப் பல்லோடு அப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் டியூபை உருட்டிக்கொண்டு திரிந்தவன். “மாமா, நல்லாயிருக்கீகளா? வண்டி எண்பதைத் தாண்டுனா ஸ்டியரிங் கையை உதறுது. இடது பக்கம் என்னமோ உரசுது. அலாய் வீல் மாத்துனதுல இருந்துதான். ரெண்டு கடையில காட்டியாச்சு, அலைன்மெண்ட்டுங்கான், பேலன்ஸுங்கான், ஒருத்தனுக்கும் தெரியல. இன்னைக்கு எனக்கு நிச்சயதார்த்தம், பாளையங்கோட்டையில. பொம்பளையாளுக வேன்ல முன்னாலயே போயிட்டாக.” கடைசி வார்த்தையைச் சொன்னபோது பையன் தலையைக் குனிந்துகொண்டான். அத்தை புருஷனுக்கு நிச்சயதார்த்தம் சொல்லவில்லையே என்பது அப்போதுதான் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். கொம்பையா கையைத் துடைத்த துணியை மடித்தார், திரும்ப விரித்தார், திரும்ப மடித்தார்.

வெள்ளிக்கிழமை. மணி பத்தாகப் பத்து நிமிஷம். அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான், அதை நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இடது முன்சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அவனுடைய முழங்கை தலைக்கு மேல் ஒரு முழத்தில் இருக்கிறது. ஜன்னலில் மடக்கி வைத்த முழங்கை, தோல் சுருங்கி, நடுவில் கறுத்த வட்டம். அந்த முழங்கையால்தான் அந்தக் காலத்தில் மேஜையைத் தட்டுவான், ஏய் கொம்பையா, இங்க வாடே. மாப்பிள்ளை என்று கூப்பிடுவது வீட்டில், தங்கச்சி காதில் விழுகிற தூரத்தில் மட்டும். ஒர்க்‌ஷாப்பில் கொம்பையா. பதினோரு வருஷம் அந்த முழங்கையைப் பார்த்து வேலை செய்தாயிற்று. “வண்டியத் தூக்கணும், உங்கப்பாவ இறங்கச் சொல்லுடே” என்றார் பையனைப் பார்த்து. பையன் ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது, பையனுக்குத்தான் வந்தது. “முட்டி மடங்காதுன்னு சொல்லு. இருந்தபடி இருக்கேன்னு சொல்லு.” “அப்பாவுக்கு முட்டி...” “கேட்டுச்சு, கேட்டுச்சு. அவரோட சேத்தே தூக்குதேன். பிடிமானமா இருந்துக்கிடச் சொல்லு.” ஜாக்கியை வைத்துப் பக்கத்தில் மரக்கட்டையும் கொடுத்து, ஜாக்கிக் கம்பியை அடிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு அடிக்கும் முழங்கை ஒரு விரல் உயர்ந்தது. தன் கையாலேயே இவனைத் தூக்கி உயர வைக்க வேண்டியிருக்கிறதே என்று வயிற்றில் ஏதோ புளித்தது. காலையில் சாப்பிட்டது பழைய சோறு. தனியாக இருக்கிறவனுக்கு வேறு என்ன, உலகம்மாள் இருந்தால் வெள்ளிக்கிழமை இட்லி ஊற்றுவாள், அண்ணன் நினைப்பு வந்தால் சட்னி அரைக்கும்போது மூக்கை உறிஞ்சுவாள், வெங்காயம் என்பாள், சட்னியில் வெங்காயம் இருக்காது.

சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் டயர்ச் சாக்கட்டியை எடுத்து, கையை மரக்கட்டை மேல் ஆடாமல் ஊன்றி, டயரின் ஓரத்துக்கு ஒரு மயிரிழை தள்ளிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சக்கரத்தைச் சுற்றினார். கடைக்காரர்கள் மெஷினில் போட்டு எண் பார்ப்பார்கள். அவருக்கு ஐந்தாம் வகுப்போடு எண் முடிந்துபோயிற்று, சாக்கட்டி போதும். சக்கரம் சீராக உட்கார்ந்திருந்தால் கோடு சுற்றிலும் விழும், இல்லையென்றால் எங்குமே விழாது. இதில் ஒரு கால்வட்டத்தில் மட்டும் விழுந்தது. சக்கரம் ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு, வட்டம் மாதிரி இருந்துகொண்டே வட்டம் இல்லாமல் சுற்றியது. மறுபக்கம் போக வேண்டும். பானெட்டைச் சுற்றிப் போனால் அவன் முகத்துக்கு நேரே போக வேண்டும், டிக்கியைச் சுற்றிப் போனார். வலதுசக்கரம் சுத்தம், கோடு சுற்றிலும் விழுந்தது. சரி, வீலை மாற்றிப் பார்ப்போம், கோளாறு வீலை மாட்டுகிற ஹப்பிலா வீலிலா என்று அப்போது தெரியும். இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினார். கோளாறு வீலோடேயே வலது பக்கம் போயிற்று. “வீலு கோணலா மாமா? புது வீலு, ஒரு மாசம்கூட ஆகல.” கொம்பையா அந்த வீலைக் கழற்றிப் படுக்கப் போட்டு, நடு ஓட்டையில் விரலை ஓட்டினார். ஓட்டை பெரிது. இந்த ஹப்புக்கு இது தொளதொளவென்று இருக்கும், பெரியவன் சட்டையைச் சின்னவன் போட்ட மாதிரி. மற்ற வீலின் ஓட்டையில் உள்ளே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வளையம் இருந்தது, அது இடைவெளியை நிரப்பிச் சக்கரத்தை நடுவில் உட்கார வைத்தது. “இந்த மாதிரி வளையம் ஒரு பக்கந்தான் இருக்கு, இன்னொரு பக்கத்துது எங்கடே?” பையன் யோசித்தான், பிறகு டிக்கியைத் திறந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்து வந்தான், உள்ளே இரண்டு வளையம். “இது எதுக்குன்னு தெரியல மாமா. மிச்சம்னு கொடுத்தான். ஒரு பக்கம் ஒருத்தன் மாட்டுனான், அவன் டீ குடிக்கப் போயிட்டான், மறுபக்கம் இன்னொருத்தன் மாட்டுனான்.” “கல்யாணத்துக்குத் தாலி மிச்சம்னு கொடுத்தா அதையும் கவர்ல போட்டு வச்சிருப்பியா?” என்று சொல்லி, தானே சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அந்தச் சத்தம் ஜன்னலுக்குள் போயிருக்குமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். உள்ளே துணிப்பை சரசரத்தது. மணி பார்க்கிறான். “பத்தரைக்குள்ள வண்டி உருளணும்னு சொல்லு” என்றது குரல். “ராகு காலத்துல கிளம்பிப் போயித் தட்டு மாத்த முடியாது.”

ராகு காலம். அந்தச் சொல்லை இந்தக் குரலில் கேட்டதும் முதுகுத்தண்டில் பழைய வேர்வை ஊறியது. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தி, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் கார் அது, ஊரில் முதல் மேக்வீல், அலாய் வீலுக்கு அன்றைக்கு அந்தப் பேர். மதுரையிலிருந்து அட்டைப்பெட்டியில் வைக்கோல் சுற்றி வந்தது. ஆவுடையப்பன்தான் பேசி வாங்கிக் கொடுத்தான். நாலு எலுமிச்சம்பழம் சக்கரத்தடியில், பூசணிக்காய் தயார், முதலாளியம்மா கையில் சூடத்தட்டு. பத்தரைக்கு ராகு காலம், அதற்கு முன்னால் சக்கரம் பழத்தை நசுக்கி உருண்டாக வேண்டும். மூணு வீல் மாட்டியாயிற்று. கடைசி இடது முன்சக்கரம். “நட்டு வரலையே மச்சான், வீலுக்குன்னு தனி நட்டு இருக்குன்னு மதுரைக்காரன் சொன்னானே.” “நட்டுன்னா நட்டுதான். பழசைப் போட்டு முறுக்கு. நாளைக்கு வந்தா மாத்திக்கிடலாம். மணி பத்து இருபத்தொண்ணு.” முறுக்கினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஸ்பேனர் முனையில் பாதத்தை வைத்து ஏறி மிதித்தது ஒண்ணாவதுக்கு ஞாபகம் இருக்கிறது, ரெண்டாவதுக்கு இருக்கிறது, மூணாவதில் உள்ளங்கால் வழுக்கியது, செருப்பைச் சரி செய்தார், “பத்து இருபத்தஞ்சு, எறங்குடே, எறங்கு” என்று அவன் கத்தினான், பூசணிக்காய் உடைந்தது, வண்டி உருண்டது, எலுமிச்சைச் சாறு தெறித்துக் கெண்டைக்காலில் விழுந்தது. நாலாவது எங்கே. நாலாவதை மிதித்தோமா. பத்தொன்பது வருஷமாக அந்த இடத்துக்கு வந்து நிற்கிறார், ஒண்ணு ரெண்டு மூணு, அப்புறம் எலுமிச்சை வாடை. மிதித்திருப்பார். மிதிக்காமல் எப்படி எழுந்திருப்பார். பதினோரு வருஷக் கை, தானாக மிதித்திருக்கும். ஆனால் கை ஞாபகம் வைத்திருக்க வேண்டியதைக் கையும் சொல்ல மாட்டேன் என்கிறது. முந்தின நாள் சாயங்காலம் குடித்திருந்தது உண்மை. காலையில் குடிக்கவில்லை என்பதும் உண்மை. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று சாய்கிறது.

அன்று சாயங்காலம் கயத்தாறு தாண்டி இடது முன்சக்கரம் கழன்று ஓடிற்று. முதலாளியை நெல்லையில் இறக்கிவிட்டு டிரைவர் சவரியப்பன் மட்டும் திரும்பி வந்துகொண்டிருந்தான். இடுப்பெலும்பு போயிற்று. இன்றைக்கும் பஸ்ஸ்டாண்டு பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து போகிறவன் அவன்தான், அந்தத் தெருவுக்கே கொம்பையா போவதில்லை, போனால் அவன் கூப்பிட்டு, அண்ணாச்சி சௌக்கியமா என்று கேட்பான், அதுதான் தாங்காது. அன்று இவரும் ஆவுடையப்பனும் இருட்டுவதற்கு முன்னால் ரோட்டோரம் நடந்து நட்டுகளைத் தேடினார்கள். ஒரே ஒரு நட்டு கிடைத்தது, உடைமர முள்ளடியில். ஆவுடையப்பன்தான் குனிந்து எடுத்தான். அதை இப்படியும் அப்படியும் திருப்பி, நகத்தால் ஒரு இடத்தைக் கீறிப் பார்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வாஷரைக்கூட வீசாத ஆள், இரும்பைத் தரையில் விடமாட்டான் என்றுதான் அப்போது பட்டது. மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் முதலாளி, முதலாளி ஆட்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், வெல்டிங் பட்டறை அந்தோணி, எல்லோரும் நிற்க, மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னான், “தண்ணியப் போட்டுட்டு வந்து முறுக்குனா வேற என்ன செய்யும் முதலாளி. தங்கச்சி புருஷன்னு வச்சிருந்தேன். என் தப்பு.” என் தப்பு என்றான். எந்தத் தப்பை எங்கே கொண்டு போய் ஒப்புக்கொண்டான் பாருங்கள். கொம்பையா வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்வது, நாலாவதை மிதித்தேன் என்றா. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நடந்தார். வீட்டுக்கு வந்து உலகம்மாளிடம், இனி அந்த வாசல் கிடையாது என்றார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. பதினாறு வருஷம் கேட்கவில்லை. அதே ஊரில், நாலு தெரு தள்ளி இருந்த பிறந்த வீட்டுக்குப் போகாமலே செத்தாள். மூணு வருஷத்துக்கு முந்தி அவளைக் கிடத்தியிருந்தபோது பிறந்த வீட்டுக் கோடி எடுத்து வந்தான், அரக்குச் சேலை. தெருவிலேயே நின்று யார் கையிலோ கொடுத்தனுப்பினான். சேலையைப் போர்த்த விட்டார். வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டார். அன்றைக்காவது அவன் உள்ளே வந்து, மாப்ளே, அது உன்னால இல்லடே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். பத்து பேர் முன்னால்கூட வேண்டாம்.

வளையத்தை அமுக்கி மாட்டி, வீலை மறுபடி இடது பக்கத்து ஹப்பில் ஏற்றினார். இப்போது சிக்கென்று உட்கார்ந்தது. நட்டை எடுத்துக் கையால் திருகி, ஸ்பேனரால் இறுக்கினார். இறுகியது. இறுகிய விதம் பிடிக்கவில்லை. நல்ல இறுக்கத்தில் கடைசிக் கால் சுற்றில் ஒரு முனகல் இருக்கும், நட்டு தன் இடத்தில் அழுந்தி உட்காரும்போது வருகிற முனகல். இது டக்கென்று நின்றது. இந்த டக்கை எங்கேயோ கேட்டிருக்கிறார், காதில் இல்லை, உள்ளங்காலில். திரும்பக் கழற்றினார். வீலின் நட்டு ஓட்டை வாய்க்குள் சாக்கட்டியைத் தேய்த்து, நட்டை மறுபடி போட்டு இறுக்கி, மறுபடி கழற்றி, வெளிச்சத்தில் பிடித்தார். நட்டின் முகம் உருண்டையாக இருந்தது, பாதி கோலிக்குண்டு மாதிரி. ஓட்டையின் வாய் சரிவாக இருந்தது, புனல் மாதிரி. சாக்குப் பொடி நட்டின் முகம் முழுக்க ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. சுற்றிலும் நூல் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். அந்த நூலில்தான் சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு மிதித்தாலும் அந்த நூல்தான். ஓடுகிற ஓட்டத்தில் கோடு தேயும், நட்டு தளரும். இந்தக் கம்பெனி வண்டிக்கு இரும்பு வீலுக்கு உருண்டை நட்டு, அதற்குச் சரி. அதே உருண்டை நட்டு இந்த வீலுக்கு ஆகாது. இந்தக் கம்பெனி வண்டி. கொம்பையாவின் கை நின்றுவிட்டது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் வண்டியும் இதே கம்பெனிதான். ஒர்க்‌ஷாப்பை விட்டு வந்த பிறகு அவருக்கு வந்ததெல்லாம் லோடு ஆட்டோவும் டிராக்டர் டிரெய்லரும்தான், அலாய் வீலை யார் இந்தக் கொட்டகைக்குக் கொண்டு வருவார்கள். பத்தொன்பது வருஷம் கழித்து இப்போதுதான் அந்த நட்டின் முகத்தைப் பார்க்கிறார். நாலாவதை மிதித்திருந்தாலும் கழன்றிருக்கும். ஏறி நின்று குதித்திருந்தாலும் கழன்றிருக்கும். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது, சந்தோஷம் வருகிற வழி எது என்று தெரியாமல் குத்துக்காலிலேயே உட்கார்ந்திருந்தார்.

“பத்து இருபது” என்றது தலைக்கு மேல் குரல். “என்னடே இன்னும். வளையம் போட்டாச்சுல்லா, முறுக்கி அனுப்பச் சொல்லு.” அதே அவசரம், ஐந்து நிமிஷம்கூட மாறவில்லை. முறுக்கி அனுப்பலாம். அந்த நினைப்பு மெதுவாக, நல்ல பிள்ளை மாதிரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அவன்தானே சொல்கிறான். நட்டுன்னா நட்டுதான் என்று சொன்னவன் அவன்தானே. வளையம் போட்ட சக்கரம் இனி உதறாது, உரசாது, பாளையங்கோட்டை வரைக்கும் வெண்ணெய் மாதிரி போகும். திரும்பும்போதோ, நாளைக்கோ, அடுத்த வாரமோ. யாருக்குத் தெரியும். கயத்தாறு ரோட்டில் யாராவது குனிந்து நட்டைத் தேடுவார்கள். பையன் டயர் மறைவில் நின்று புது வேட்டியில் பட்ட கிரீஸைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான், துடைக்கத் துடைக்கக் கறை பெரிதாயிற்று, உலகம்மாளின் மூக்கைச் சுருக்கினான். சவரியப்பனின் சாய்ந்த நடை கண்ணுக்கு முன்னால் போயிற்று. கொம்பையா எழுந்தார், முட்டி ரெண்டும் சடசடத்தது. “இந்த நட்டோட வண்டி இந்த இடத்தை விட்டு நகராது. பதினாறு நட்டும் மாத்தணும். என் டி.வி.எஸ்ஸை எடுத்துக்கிட்டு மார்க்கெட் ரோட்டுக்குப் போ. முத்தையா ஸ்பேர்ஸுன்னு கேளு. சரிவு முகம் வச்ச நட்டு, பதினாறு, இந்த மரைக்கு. ஒண்ணு கையில கொண்டு போ, மரை தப்பிரும்.” “ராகு காலம் வந்துரும்டே” என்றது குரல். “வரட்டும்னு சொல்லு” என்றார் கொம்பையா. பையன் ரெண்டு பேரையும் பார்த்தான். “நீங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்கிட்டா என் வாய் வலி மிச்சமாகும் மாமா” என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

டி.வி.எஸ் சத்தம் பைபாஸ் லாரிச் சத்தத்தில் கரைந்து போயிற்று. இனி நடுவில் ஆள் இல்லை. கொம்பையா தட்டில் கிடந்த நட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார், துடைக்க ஒன்றும் இல்லாததையும் துடைத்தார். பத்தரை ஆயிற்று, ராகு காலம் பிறந்தது, வெயில் தகரத்தில் ஏறிப் படீர் படீர் என்று ஒலித்தது. “கொஞ்சம் தண்ணி கிடைக்குமா” என்றது குரல், காற்றைப் பார்த்து. உள்ளே போய்ச் சொம்பில் மோந்து வந்தார். ஜன்னல் வழியாக நீட்டியபோதுதான் முகத்தைப் பார்த்தார். கன்னம் உள்ளே போய், பல் செட்டு பெரிதாகி, யாரோ மாதிரி இருந்தான். கண் மட்டும் அதே கண். அவன் அண்ணாந்து குடித்தான், சொம்பின் கழுத்தில் வெட்டியிருந்த எழுத்தைப் பெருவிரலால் தடவினான், உ என்று ஒரே ஒரு எழுத்து, சீர் கொடுத்தபோது இவனே பாத்திரக்கடையில் நின்று வெட்டச் சொன்னது. சொம்பைத் திருப்பிக் கொடுத்தான். கொம்பையா சொம்பை ஒரு கையில் வாங்கிக்கொண்டு மற்றக் கையை நீட்டினார், அதில் சாக்குக் கோடு போட்ட நட்டு இருந்தது. இதற்கு ஒரு பேச்சு வைத்திருந்தார், பத்தொன்பது வருஷமாகச் சாணை பிடித்த பேச்சு, வக்கீல் மாதிரி கேள்வி கேள்வியாகக் கேட்கிற பேச்சு. “மச்சான், இந்த நட்டைப் பாருங்க” என்பதற்கு மேல் வரவில்லை. ஆவுடையப்பன் வாங்கினான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இப்படியும் அப்படியும் திருப்பினான். பெருவிரல் நகத்தால் அந்த வெள்ளைக் கோட்டை ஒரு கீறுக் கீறினான். கொம்பையாவுக்குக் காதுக்குள் ஒரு லாரி ஹாரன் நீளமாக அடித்தது, ரோட்டில் லாரியே இல்லை. அதே கீறல். உடைமர முள்ளடியில் குனிந்து எடுத்தபோது இதே நகம், இதே இடத்தில். அன்றைக்கே பார்த்திருக்கிறான். அன்றைக்கே தெரியும். மறுநாள் மேஜையில் முழங்கையை ஊன்றியபோது நட்டு அவன் பையில்தான் இருந்தது. தெரிந்துகொண்டுதான் வாயைத் திறந்தான், தெரிந்துகொண்டுதான் தெருவில் நின்று கோடியைக் கொடுத்தனுப்பினான். கொம்பையா காத்திருந்தார். அவன் உதடு ஒரு தடவை பிரிந்தது, பல் செட்டு லேசாகச் சத்தம் போட்டது. பிறகு நட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், சந்தனம் பட்ட புதுச் சட்டை, பை அந்தக் கனத்தில் ஒரு விரல் தொங்கிற்று. “போனவன இன்னும் காணுமே” என்றான் ரோட்டைப் பார்த்து.

பையன் புது நட்டும் மாதிரிக்குக் கொண்டு போன பழைய நட்டுமாக வந்து, மிச்ச வளையத்தை இடது பின்சக்கரத்துக்குப் போட்டு, பதினாறையும் மாற்றி முடிக்கப் பன்னிரண்டு தாண்டிவிட்டது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒவ்வொரு நட்டுக்கும் அந்த முனகல் கேட்கிற வரைக்கும் இறுக்கினார். கடைசியாக அந்த இடது முன்சக்கரம். ஒண்ணு என்று வாய்விட்டுச் சொன்னார். ரெண்டு. மூணு. நாலு என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார், கொஞ்சம் சத்தமாகவே. முழங்கை உள்ளே போயிற்று. ஜாக்கியை இறக்கினார், அவன் மெதுவாகத் தரைக்கு வந்தான். சாக்கட்டியைப் பிடித்து இனி பார்க்க வேண்டியதில்லை, இருந்தாலும் பையனை மெதுவாக உருட்டச் சொல்லிப் பார்த்தார், சக்கரம் நூல் பிடித்த மாதிரிச் சுற்றியது. “அம்பது கிலோமீட்டர் ஓடுனதும் இன்னொரு தடவ முறுக்கிரணும். திரும்பும்போது நிறுத்து. மறந்துறாத, மறந்தா அதுக்கும் என்னத்தான் சொல்லுவாக.” “எவ்வளவு மாமா?” “நட்டுக்குத்தான் நீயே கொடுத்துட்டியே. மத்தது உங்கப்பா தரணும். அவருக்குத் தெரியும்.” பையன் சிரித்தான், மாமன் மச்சான் கேலி என்று நினைத்துக்கொண்டான் போல. வண்டி கிளம்பி பைபாஸில் ஏறி, தெற்கே திரும்பியது. ஆவுடையப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. கொம்பையா பழைய நட்டுகளைத் தகரடப்பாவில் அள்ளிப் போடப் போனவர், போடாமல் தட்டிலேயே நாலு நாலாக அடுக்கினார். நாலு, இன்னொரு நாலு, இன்னொரு நாலு. ஒண்ணு, ரெண்டு, மூணு. கை அடுத்ததற்கு நீண்டது, தட்டில் வெறும் தகரம் சுட்டது. ரோட்டின் தெற்குப் பக்கத்தை ஒரு தடவை பார்த்தார். திரும்பவும் முதலில் இருந்து எண்ண ஆரம்பித்தார்.